கொல்கத்தாவில் புச்கா சாப்பிடப் போகிறவர்களுக்கு

கொல்கத்தாவுக்கு முதல்முறை போகிறீர்கள் என்றால், ஒரு சாயங்காலத்தைப் புச்காவுக்கென்று தனியாக ஒதுக்கி வையுங்கள். விக்டோரியா நினைவகத்தையும் ஹௌரா பாலத்தையும் பார்த்துவிட்டு வரும் வழியில் அவசரமாக நாலு வாயில் போட்டுக்கொண்டு ஓடினால் அதன் அருமை தெரியாது. நம் ஊரில் இப்போது தெருவுக்குத் தெரு பானிபூரி வண்டி நிற்பதால், அதுதானே இது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். பொரித்த சின்னப் பூரிக்குள் மசாலாவும் தண்ணீரும் என்ற அளவில் அதுதான். ஆனால் சுவையும் வேறு, கடையில் நின்று சாப்பிடும் முறையும் வேறு.

மும்பைப் பாணியில் புதினா அரைத்த பச்சைத் தண்ணீரும், பேரீச்சம்பழமோ வெல்லமோ போட்ட இனிப்புச் சட்னியும் இருக்கும். கொல்கத்தாப் புச்காவில் பெரும்பாலும் இனிப்பே கிடையாது. தண்ணீர் பழுப்பு நிறப் புளித் தண்ணீர். உள்ளே வைப்பது வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு. அதோடு வேகவைத்த கொண்டைக்கடலையோ பட்டாணியோ, பச்சை மிளகாய், கொத்தமல்லி, வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகாயும், கறுப்பு உப்பு, ஒரு கரண்டி புளித் தண்ணீர் எல்லாம் சேர்த்து நம் கண் முன்னாலேயே பிசைவார்கள். நல்ல கடையில் கொந்தொராஜ் என்ற வங்காளத்து எலுமிச்சையையும் பிழிவார்கள். அந்த வாசனை இரண்டு கடை தள்ளி நிற்பவரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். பூரி கோதுமை மாவும் ரவையும் கலந்து செய்வது. நம் பானிபூரியைவிடப் பல இடங்களில் கொஞ்சம் பெரிதாகவும் மெல்லியதாகவும் இருக்கும்.

கடைக்குப் போகும் முன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். புச்காக்காரர் ஆறு பூரியைத் தட்டில் அடுக்கி உங்கள் பக்கம் தள்ளிவிட மாட்டார். ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றாக உங்கள் கையில் இருக்கும் இலைத் தொன்னையில் போடுவார். முதலாவதைச் சாப்பிட்டதும் உங்கள் முகத்தைப் பார்ப்பார். காரம் கூட்டவா, குறைக்கவா, புளிப்பு போதுமா என்று அடுத்ததில் மாற்றிக்கொள்வார். அதாவது சாப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சமைக்கிறார். வாயைத் திறந்து சொல்கிறவருக்கு அவர் நாக்குக்கு ஏற்ற புச்கா கிடைக்கும். கூச்சப்பட்டுச் சும்மா நிற்பவருக்குப் பொதுவான ஒன்று கிடைக்கும். இந்த வழிகாட்டியில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

எப்போது போவது

மாலை நாலு மணிவாக்கில் கடை விரிப்பார்கள். கூட்டம் சேருவது ஆறு மணிக்கு மேல். புதிதாகப் போகிறவர்களுக்கு ஐந்து மணி நல்ல நேரம். தண்ணீர் அப்போதுதான் கலக்கியிருப்பார்கள், மசாலா புதிது, கடைக்காரருக்கும் உங்களோடு நாலு வார்த்தை பேச நேரம் இருக்கும். எட்டு மணிக்கு மேல் போனால் பூரி தீரும் தறுவாயில் இருக்கும், அடியில் தங்கிய உடைசல்களும் நமத்ததும் வந்து சேரும்.

நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொல்கத்தா நாட்டின் கிழக்கில் இருப்பதால் அங்கே சீக்கிரம் இருட்டிவிடும். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. சென்னையைவிட முக்கால் மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக. சாயங்காலம் என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சிறந்த காலம். குளிர் இதமாக இருக்கும், தண்ணீரால் வரும் தொல்லையும் குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. நகரத்தில் தண்ணீர் தேங்கிய நாட்களிலும் அதற்கு அடுத்த சில நாட்களிலும் புளித் தண்ணீரைத் தொடவே தொடாதீர்கள். துர்கா பூஜை நாட்களில் ஊரே இரவெல்லாம் தெருவில் இருக்கும். அந்தக் கொண்டாட்டத்தைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் முதல் புச்காவுக்கு அது ஏற்ற நேரமில்லை. ஒரே வண்டியைச் சுற்றி முப்பது பேர் நிற்கும்போது யாருக்கும் காரம் கேட்டுக் கேட்டுப் போட முடியாது.

இன்னொன்று. இரவெல்லாம் ரயிலில் வந்து இறங்கிய அன்றைக்கே போகாதீர்கள். பயண அலுப்பில் வயிறு எப்படியும் சரியாக இருக்காது. ஒரு நாள் தூங்கி எழுந்து மறுநாள் போங்கள்.

எங்கே போவது

ஊர் முழுக்கப் புச்கா உண்டு. பள்ளிக்கூட வாசல், பூங்கா ஓரம், கடைத்தெரு முனை, எங்கே பார்த்தாலும் ஒரு மூங்கில் தாங்கி, அதன் மேல் பூரி நிரம்பிய பெரிய கூடை அல்லது கண்ணாடிப் பெட்டி, பக்கத்தில் ஒரு பானை. காமாக் தெருவின் வர்தான் மார்க்கெட், ரஸ்ஸல் தெரு, நியூ மார்க்கெட், கரியாஹாட் என்று பேர்போன இடங்கள் பல. ஆனாலும் முதல்முறை போகும் தமிழருக்கு நான் சொல்வது தெற்குக் கொல்கத்தாவின் விவேகானந்தா பார்க். சதர்ன் அவென்யூவில் இருக்கிறது. அந்தச் சாலைக்கு அதிகாரபூர்வப் பெயர் டாக்டர் மேகநாத் சாஹா சரணி. பழைய பெயரைச் சொன்னால்தான் யாருக்கும் தெரியும். அங்கே அடுத்தடுத்துப் பல வண்டிகள் நிற்பதால் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியும். ரபீந்திர சரோபர் ஏரி பக்கத்திலேயே இருப்பதால், சாப்பிட்டதும் காலாற நடக்கவும் இடம் உண்டு.

போகும் வழி சுலபம். ஹௌரா நிலையத்தில் இறங்கியவர்கள் மெட்ரோவின் பச்சைத் தடத்தில் எஸ்பிளனேடு வரை வரலாம். 2024 மார்ச்சில் திறந்த, ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகும் பாதை அது. எஸ்பிளனேடில் நீலத் தடத்துக்கு மாறிக் காளிகாட்டில் இறங்குங்கள். (கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் ஹௌராவில் அல்ல, ஷாலிமாரில் இறங்குவீர்கள். அங்கிருந்து டாக்சியில் தங்குமிடம் போய்ச் சேர்வதே நல்லது.) காளிகாட் மெட்ரோவுக்கு வெளியே ராஷ்பிஹாரி சந்திப்பு. அங்கிருந்து கரியாஹாட் பக்கம் ஷேர் ஆட்டோக்கள் போய்க்கொண்டே இருக்கும். தேசப்பிரிய பார்க்கில் இறங்கி, சரத் போஸ் சாலையில் தெற்கே நடந்தால் சதர்ன் அவென்யூ வந்துவிடும்.

இந்த இடத்தைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. வழியில் வரும் லேக் மார்க்கெட், தென்னிந்தியர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி. இட்லி, தோசை, ஃபில்டர் காபி கிடைக்கும் பழைய ஓட்டல்கள் ராஷ்பிஹாரி அவென்யூவில் இருக்கின்றன. புச்காவின் காரத்தில் வயிறு தயிர்சாதம் கேட்டால் நடக்கிற தூரத்தில் கிடைக்கும்.

கடையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

வண்டிக்குப் பக்கத்தில் போனதும் கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் ஓரமாக நின்று பாருங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அங்கே எல்லோரும் முறைக்காகக் காத்திருப்பவர்கள்தான்.

முதலில் பார்க்க வேண்டியது கை. புச்காக்காரர் பூரியின் நடுவில் கட்டை விரலால் ஓட்டை போட்டு, மசாலாவைத் திணித்து, அதே கையோடு பூரியைப் புளித் தண்ணீரில் முக்கி எடுப்பார். ஆகவே அந்தக் கை வேறு எதைத் தொடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காசை அதே கையால் வாங்கிப் போடுகிறாரா, பக்கத்தில் ஒருவர் இருந்து வாங்குகிறாரா, அல்லது ஒரு டப்பாவைக் காட்டி நம்மையே போட்டுச் சில்லறை எடுக்கச் சொல்கிறாரா? பின்னது இரண்டும் நல்ல அறிகுறி. கையுறை போட்டிருப்பதை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். நோட்டையும் வியர்வைத் துணியையும் தொட்ட கையுறையைவிட, அடிக்கடி கழுவுகிற வெறுங்கை எவ்வளவோ மேல்.

அடுத்தது தண்ணீர். பானைக்கு மூடி இருக்கிறதா? தண்ணீர் தீர்ந்தால் எதிலிருந்து எடுத்து ஊற்றுகிறார்? இருபது லிட்டர் கேன் கண்ணெதிரே இருந்தால் நிம்மதி. விவேகானந்தா பார்க் பக்கம் சில கடைகளில் மினரல் வாட்டர் என்று பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய பெயின்ட் வாளியில் மொண்டு ஊற்றினால் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுங்கள். ஐஸ் கட்டி மிதந்தாலும் வேண்டாம். புளித் தண்ணீரை யாரும் கொதிக்க வைப்பதில்லை, புளிப்பு மட்டும் கிருமியைக் கொன்றுவிடாது. எனவே அது எந்தத் தண்ணீர் என்று கேட்பது உங்கள் உரிமை. பலர் கேட்கிறார்கள், அவரும் பதில் சொல்வார்.

நிறத்தையும் பாருங்கள். புளித் தண்ணீர் மங்கலான பழுப்பாக இருக்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தால் சந்தேகப்படலாம். 2024இல் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை பானிபூரி மாதிரிகளைச் சோதித்தபோது பலவற்றில் செயற்கை நிறமிகள் இருந்தன. கொல்கத்தாவின் பழைய முறைப் புச்காவுக்கு நிறமே தேவையில்லை என்பது அதன் பெரிய பலம்.

மசாலாவை எவ்வளவு பிசைகிறார் என்பதும் முக்கியம். பத்துப் பன்னிரண்டு பேருக்குப் போதுமான அளவு மட்டும் பிசைந்து, தீர்ந்ததும் மறுபடி உருளைக்கிழங்கை உரித்துப் பிசைகிற கடையே நல்ல கடை. ஒரு பெரிய பேசின் நிறையப் பிசைந்து மூடாமல் வைத்திருந்தால், அது எத்தனை மணிக்குப் பிசைந்ததோ யாருக்குத் தெரியும். பூரி, கண்ணாடிக்குள்ளோ பிளாஸ்டிக் உறைக்குள்ளோ மூடி இருக்க வேண்டும்.

கூட்டம் எங்கே அதிகமோ அங்கே போ என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், சரக்கு தேங்காமல் ஓடும். ஆனால் கூட்டம் எப்படிப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் பெண்களும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும், குழந்தையைக் கூட்டிவந்த அம்மாக்களும் நிற்கிற கடையை நம்பலாம். அவர்கள் நாளைக்கும் அங்கேயே வர வேண்டியவர்கள். ஒரு நாள் வயிற்றைக் கெடுத்தால் கடைக்காரர் அந்தத் தெருவில் முகம் காட்ட முடியாது. தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கும் புச்கா வண்டியைச் சுற்றி நிற்பதில் தயக்கம் வேண்டாம். பெரும்பாலும் அங்கே பெண்கள் பலர் நிற்பதைத்தான் பார்ப்பீர்கள்.

கை கழுவுதல்

கடைக்காரர் கையைப் பற்றி இவ்வளவு சொன்னேன். உங்கள் கை? மெட்ரோவின் கைப்பிடி, ஆட்டோக் கம்பி, செல்போன், ரூபாய் நோட்டு எல்லாவற்றையும் தொட்ட விரல்களால்தான் புச்காவை எடுத்து முழுசாக வாய்க்குள் தள்ளப் போகிறீர்கள். ஸ்பூன் கிடையாது. ஒரு பாட்டில் தண்ணீரும் சின்ன சோப்பும் கொண்டுபோய், ஓரமாகக் கழுவிக்கொள்ளுங்கள். வெறும் சானிடைசரைவிட சோப்பு நல்லது. வயிறு கெட்டதும் பழியைப் புச்காக்காரர் மேல் போடுகிறோம். பாதி நேரம் காரணம் நம் விரல்களாகவும் இருக்கலாம்.

வட்டத்துக்குள் நுழைவது

இனிமேல்தான் முக்கியமான பகுதி. வண்டியைச் சுற்றி ஐந்தாறு பேர் அரைவட்டமாக நிற்பார்கள். வரிசை, டோக்கன் எதுவும் கிடையாது. ஆனால் ஒழுங்கு உண்டு. காலியான இடத்தில் போய் நின்று, அவர் நிமிர்ந்து பார்க்கும்போது “தாதா” என்று கூப்பிடுங்கள். நம் அண்ணன் மாதிரி. வயது என்னவாக இருந்தாலும் இது பொருந்தும். பிறகு விலையைக் கேட்டுவிடுங்கள்: “தொஷ் டாக்காய் கொட்டா?” பத்து ரூபாய்க்கு எத்தனை என்று அர்த்தம். இடத்துக்கு இடம் மாறும். பத்து ரூபாய்க்கு மூன்று கொடுக்கிற இடமும் உண்டு, ஐந்து கொடுக்கிற இடமும் உண்டு. பேரம் பேசக் கூடாது. இரண்டு ரூபாய்க்கு விற்கும் ஒரு பண்டத்துக்குப் பின்னால் காலையிலிருந்து மாவு பிசைந்து, தேய்த்து, பொரித்து, கிழங்கு வேகவைத்த ஒரு குடும்பத்தின் உழைப்பு இருக்கிறது.

புச்காக்காரர்களில் பலர் பீகாரிலிருந்து வந்தவர்கள். அதனால் இந்தி தெரிந்தால் அதிலேயே பேசலாம். வங்காளமும் இந்தியும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, விரலைக் காட்டினால் போதும்.

அவர் ஒரு சின்ன இலைத் தொன்னையைக் கையில் கொடுப்பார். மேற்கு வங்காளத்தின் மேற்குப் பகுதிக் காடுகளில், ஜார்கிராம், பாங்குரா, புருலியா பக்கம் விளையும் சால் மரத்தின் இலையில் தைத்தது. தொன்னை கைக்கு வந்துவிட்டால் உங்களுக்கு முறை வந்துவிட்டது, இனி யாரும் உங்களைத் தாண்டிப் போக முடியாது. ஓட்டை இல்லாத தொன்னையா என்று தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டையாக இருந்தால் புளித் தண்ணீர் முழங்கை வரை வழியும். இரண்டாவது கேட்டால் தருவார். பிளாஸ்டிக் கிண்ணம் வைத்திருக்கிற கடையை நான் கூடுமானவரை தவிர்ப்பேன். ஒரே வாளித் தண்ணீரில் அலசி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

தொன்னையை வாங்கியதுமே காரத்தைச் சொல்லிவிடுங்கள். “ஜால் கொம்” என்றால் காரம் குறைவு. “ஜால் பேஷி” என்றால் அதிகம். குழந்தைக்கு என்றால் “ஜால் சாடா”, காரமே இல்லாமல். நம் ஆட்கள் ஆந்திராக் காரத்தையே பார்த்தவர்கள் என்ற தைரியத்தில் முதலிலேயே ‘பேஷி’ கேட்பதுண்டு. வேண்டாம். நறுக்கின பச்சை மிளகாயும் வறுத்த மிளகாய்ப் பொடியும் சேர்ந்த காரம் அது, முதல் இரண்டில் தெரியாது. நாலாவதில் காது வரை ஏறும். எதுவும் சொல்லாமல் ஒன்று சாப்பிட்டுப் பார்த்து, பிறகு கூட்டச் சொல்லலாம். புளிப்பு போதவில்லை என்றால் “டோக் பேஷி”.

முதல் புச்கா தொன்னையில் விழுந்ததும் தாமதிக்காதீர்கள். போட்டோ எடுக்க, நண்பரிடம் திரும்பிப் பேச அது நேரமில்லை. சில நொடிகளில் அடி ஊறிவிடும். தொன்னையைத் தாடைக்குக் கீழே பிடித்து, உடம்பை முன்னால் சாய்த்து, வாயை நன்றாகத் திறந்து, முழுசாக உள்ளே போட்டு வாயை மூடிய பிறகே கடிக்க வேண்டும். பாதி கடித்தால் சட்டை போச்சு. நாசூக்காகச் சாப்பிட நினைக்கிறவர்களால் புச்கா சாப்பிடவே முடியாது. அங்கே எல்லோரும் கன்னம் உப்பித்தான் நிற்பார்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. வாய் சின்னதாக இருந்தாலோ குழந்தைக்கு என்றாலோ சின்னப் பூரியாகப் பொறுக்கித் தரச் சொல்லுங்கள், செய்வார்கள்.

நீங்கள் மெல்லும் நேரத்தில் அவர் அடுத்தவருக்குப் போட்டு, அதற்கடுத்தவருக்குப் போட்டு, வட்டம் சுற்றி உங்களிடம் வருவார். அந்தச் சுற்று உங்களுக்கு மென்று விழுங்கச் சரியாக இருக்கும். முடியவில்லை என்றால் கையைக் காட்டி நிறுத்துங்கள். ஊறின புச்காவைத் தொன்னையில் சேர்த்து வைப்பது சாப்பாட்டையும் கெடுக்கும், அவர் வேலையையும் கெடுக்கும். ஆறேழு பேருக்கு ஒரே நேரத்தில், அவரவர் காரம் மாறாமல், அவரவர் எண்ணிக்கை தவறாமல் போடுகிற அந்தத் திறமை எனக்குப் பெரிய வித்தையாகவே படுகிறது. இருந்தாலும் உங்கள் கணக்கை நீங்களும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போதும் என்றால் “ஆர் நா”. பெரும்பாலான கடைகளில் கடைசியில் ஒரு கொசுறு உண்டு. அதற்கு ஃபாவு என்று பெயர். கணக்கு முடிந்ததும் “ஏக்டா ஃபாவு” என்று கேட்டால், தண்ணீரில் முக்காமல் மசாலா மட்டும் வைத்த ஒன்றைத் தருவார். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். கோட்டு சூட்டு போட்டவர்களும் கேட்டு வாங்குவார்கள், கேட்காமல் போனால்தான் கடைக்காரருக்கு ஒரு மாதிரி இருக்கும். உள்ளூர்க்காரர்கள் தொன்னையில் கொஞ்சம் புளித் தண்ணீரும் ஊற்றச் சொல்லிக் குடித்துவிட்டுப் போவார்கள். புதிதாகப் போகிற நீங்கள் அதை மட்டும் விட்டுவிடுங்கள். புச்காவில் ஒட்டி வருகிற தண்ணீரின் அளவு வேறு, தொன்னை நிறையக் குடிப்பது வேறு.

தொன்னையைப் பக்கத்தில் இருக்கும் கூடையிலோ தொட்டியிலோ போடுங்கள். காசு கொடுக்கப் பத்து, இருபது ரூபாய் நோட்டுகள் வேண்டும். ஐந்நூறை நீட்டினால் அவர் பிசைந்த கையோடு சில்லறை தேட வேண்டிவரும். இப்போது பல வண்டிகளில் கியூஆர் அட்டை தொங்குகிறது. அதில் செலுத்திவிட்டால் யார் கையும் நோட்டைத் தொட வேண்டாம், இரு தரப்புக்கும் நல்லது. படம் எடுக்க ஆசை என்றால், சாப்பிட்டுக் காசு கொடுத்த பிறகு “சோபி துல்தே பாரி?” என்று கேட்டு எடுங்கள். கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். கேட்காமல் முகத்துக்கு முன்னால் கேமராவை நீட்டுவது அவர் பிழைப்பிடத்தில் அவருக்குச் செய்யும் அவமரியாதை.

தண்ணீர்தான் பயம் என்றால்

பயப்படுகிறவர்கள் திரும்பிப் போக வேண்டியதில்லை. “ஷுக்னோ” என்று கேட்டால் தண்ணீரில் முக்காமல், மசாலாவும் பொடியும் உப்பும் மட்டும் வைத்துத் தருவார்கள். மசாலாவைப் பிசையும்போது சேர்த்த கொஞ்சம் புளித் தண்ணீர் அதில் இருக்கும், அவ்வளவுதான். தயிர் ஊற்றிய தொய் புச்கா பல இடங்களில் கிடைக்கும், ஆனால் தயிர் குளிர்ச்சியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூரியை நொறுக்கிக் கிழங்கோடு கலந்து தரும் சுர்முர் எனக்கு மிகவும் பிடித்தது. வாயைப் பிளக்க முடியாத வயதானவர்களுக்கும் அதுவே வசதி.

கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொள்பவர்கள் தெருவோரத் தண்ணீரைத் தவிர்ப்பதே சரி. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள், டைஃபாய்டுக்கும் ஹெபடைடிஸ் ஏ-வுக்கும் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். டைஃபாய்டு ஊசியைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டால்தான் பயன். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் புச்கா ஆகாது. அசைவம் எதுவும் சேர்வதில்லை. சுத்த சைவக்காரர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். ஆனால் பக்கத்து வண்டியில் முட்டை ரோல் போடுகிறார்களா என்று பார்த்து நில்லுங்கள்.

மீறி வயிறு கெட்டுப்போனால்

பையில் இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட் இருக்கட்டும். ஒரு பாக்கெட்டை, அதன் மேல் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில், கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். அரை டம்ளரில் கெட்டியாகக் கரைக்கக் கூடாது. கடையில் டப்பாவில் கிடைக்கும் இனிப்புப் பானங்களை ஓஆர்எஸ் என்று நம்பி வாங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

இந்தப் பாக்கெட்டுக்கும் அந்த நகரத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர போன்காவ் முகாமில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த பொடியைக் கொல்கத்தாவில் பொட்டலம் போட வைத்து, முகாமுக்குக் கொண்டுபோய்க் குடிக்கக் கொடுத்தார். இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. உலகம் முழுக்க இந்த முறை பரவ அது பெரிய காரணம். அவர் 2022இல் காலமானார், மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. கொல்கத்தாவில் வயிறு கெட்டு ஓஆர்எஸ் குடிக்கிற யாரும் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்.

பெரும்பாலான வயிற்றுப்போக்கு ஓரிரு நாளில் தானாக நின்றுவிடும். மலத்தில் ரத்தம், கடுங்காய்ச்சல், எதைக் குடித்தாலும் வாந்தி, சிறுநீர் குறைவது, இவற்றில் ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மருந்துக் கடையில் சொந்தமாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள்.

தங்குமிடத்துக்கு வாங்கிப் போக

உடன் வந்த பெரியவர்கள் அறையில் இருந்தால் பார்சல் வாங்கலாம். பூரி தனி, மசாலா தனி, புளித் தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் பையில் தனி என்று கட்டித் தருவார்கள். தண்ணீரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் கெட்டிப் புளிக் கரைசலும் பொடியும் மட்டும் கேளுங்கள். அறைக்கு வந்ததும் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரிலோ பாட்டில் தண்ணீரிலோ கரைத்துக்கொள்ளலாம். மசாலாவை வாங்கிய ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், மறுநாளுக்கு வைக்கக் கூடாது. பூரி மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் சில நாள் தாங்கும். ஊருக்குக் கொண்டுவர நினைத்தால் பொரித்த பூரியை வாங்கி வராதீர்கள், ரயிலில் பாதி நொறுங்கிவிடும். வறுத்துப் பொடித்த அந்த மசாலாவும் கறுப்பு உப்பும் கரியாஹாட் மளிகைக் கடைகளில் கிடைக்கும். அவற்றை வாங்கி வாருங்கள், பூரியை வீட்டிலேயே பொரித்துக்கொள்ளலாம்.